அத்தானின் தகடு

இன்னொருவருக்குச் சப்பாத்து மாட்டிவிடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதுவும் அக்காவின் கணவருக்கு. முதுகில் ஒப்பரேஷன் செய்த பிறகு நவரத்தினம் அத்தானால் குனிய முடியாது. அதனால் அந்தக் கப்பலில் ஒவ்வொரு காலையும் அவருடைய ரப்பர் சப்பாத்துகளை நான்தான் மாட்டிவிட்டேன். உயிர்காப்பு அங்கியின் பட்டிகளை இறுக்கிவிட்டேன். பையைச் சுமந்தேன். மனமாரத்தான் செய்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நீங்கள் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள்.

ஸ்கொட்லாந்துப் பொலிசாருக்கு ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் பொய் என்று பெரிதாக இல்லை. சில இடங்களில் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

அந்தப் பயணம் அத்தானின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் தர்ஷினி கொடுத்த பரிசு. தொலைக்காட்சியில் பறவையோ திமிங்கிலமோ வந்துவிட்டால் இலண்டன் மோர்டனில் அவர்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, அத்தானுக்கு அவ்வளவு பைத்தியம். ஒரு பழைய மீன்பிடிக் கப்பலைத் திருத்தி, பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஸ்கொட்லாந்தின் வடமேற்குக் கரையோரம் தீவு தீவாகக் காட்டுகிறார்கள் என்று தர்ஷினி எங்கோ பார்த்துப் பதிந்துவிட்டாள். என் அக்கா நாகேஸ்வரிக்கு வள்ளத்தைக் கண்டாலே தலை சுற்றும். ஆகவே வட இலண்டன் எட்மண்டனில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்குத் தொலைபேசி வந்தது.

“சச்சி மாமா, ப்ளீஸ். யூ கோ வித் அப்பா. உங்களோட எண்டா ஐ வோண்ட் வொறி,” என்றாள்.

2006 ஜூன் மாதம் போனோம். கரை என்றால் கறுத்த பாறை, அதை விட்டால் புல். மணல் இருந்தாலும் அது பாறைக்குப் பயந்து ஒரு மூலையில் கிடக்கும். கப்பல் நங்கூரம் போட்டதும் ரப்பர் படகில் எங்களை ஐந்தாறு பேராகத் தீவுகளில் இறக்குவார்கள். படகுக்கு இறங்கும் வாசலில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு வட்டத் தகடு, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. கரைக்குப் போகும்போது உங்கள் தகட்டைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். திரும்பி வந்ததும் பச்சைக்கு. எல்லாம் பச்சையாகாமல் கப்பல் நகராது. அவரவர் தகட்டை அவரவர்தான் தொட வேண்டும் என்று முதல் நாளே கப்டன் சொன்னார். அத்தான் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து இரண்டு தகட்டையும் நானே திருப்பினேன். எங்கள் வீடுகளில் பெரியவர் கை கழுவப் போனால் துவாயோடு ஒருவர் நிற்பார். இதுவும் அப்படித்தான். கப்பல்காரர்களும் இரண்டு நாளில் பழகிவிட்டார்கள்.

மார்கரெட் என்று ஒரு வயதான ஆங்கிலேயப் பெண் எங்களோடு வந்தாள். நல்ல மனுஷி. முதல் நாள் மாலை அவள் என்னைத் தனியே கண்டு, இவரிடம் எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு உறவுமுறையைச் சொன்னேன். அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. எனக்கு அதில் கோபமில்லை. பார்த்ததைத்தானே கேட்டாள்.

அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் அத்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

இலண்டனில் எங்கள் ஆட்களுக்கு அந்தக் கதை மனப்பாடம். என் கலியாண வரவேற்பில் சொன்னார். என் மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டில், அவளுடைய பள்ளித் தோழிகள் சுற்றி நிற்க, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “இவன் ஹீத்ரோவிலை வந்து நிக்கேக்கை காற்சட்டை முழுக்க ஈரம். கட்டின டை மட்டும் நேரா நிக்குது. நான் என்ரை ஓவர்கோட்டைக் கழட்டி, பிள்ளைக்குத் துணி சுத்திற மாதிரிச் சுத்தியெல்லோ கூட்டிக்கொண்டு வந்தனான். இண்டைக்குப் பாருங்கோ, சொந்தக் கடை!”

எல்லாம் உண்மை. அந்த மனிதர் இல்லாவிட்டால் எனக்கு இந்த நாட்டில் படுக்க இடமில்லை, படிப்பில்லை. அவர் சொல்லாமல் விடுகிற ஒன்று மட்டும் உண்டு. ஊரை விட்டு வருவதற்கு முன் என்னை இலங்கை இராணுவம் பிடித்து வைத்திருந்தது. அதற்குப் பிறகு சீருடைக்காரர் எதிரில் நின்றால் என் உடம்பு என் சொல் கேட்பதில்லை. அது அத்தானுக்குத் தெரியும். ஆனால் அதையும் சேர்த்தால் கதையில் சிரிப்பு வராது.

கப்பலில் அதையே ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலத்தில் இன்னும் நன்றாக வந்தது. மேசையே சிரித்தது. மார்கரெட் சிரிக்கவில்லை, என் கைமேல் தன் கையை வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் ஆளில்லாத ஒரு தீவில் இறங்கினோம். மேட்டுக்கு அந்தப் பக்கம் பஃபின் பறவைகள், செம்மஞ்சள் மூக்கோடு, மனிதருக்குப் பயமில்லாமல் வளைகளின் வாசலில் நின்றன. நல்ல வெயில். அத்தான் மழை அங்கியைக் கழற்றிப் பையில் திணித்தார்.

“நீ போ தம்பி. நான் மற்றப் படகிலை வாறன். இதுகளை இன்னும் ரெண்டு படம் எடுக்க வேணும்.”

“பை, அத்தான்?”

“கொண்டு போ. தோள் நோகுது.”

அவரிடம் கமராவும் சிவப்புக் கம்பளித் தொப்பியும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் இருந்தன. பைக்குள் மழை அங்கியும் இருதய மாத்திரைகளும் இருந்தன. அந்த மாத்திரைகளை மாதா மாதம் கொடுப்பவன் நான். எது எதற்கென்று எனக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

முதல் படகில் கப்பலுக்குத் திரும்பி, பலகைக்கு முன் நின்றேன். பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது என்று பொலிசாரிடம் சொன்னேன். கை தானாகப் போனது என் தகட்டுக்குத்தான். அதைத் திருப்பிவிட்டு நின்றேன். பின்னால் ஒருவர் காத்திருந்தார். பிறகு அத்தானின் தகட்டையும் திருப்பினேன்.

கரையில் நின்ற வழிகாட்டிப் பெண் இன்னும் யார் வர வேண்டும் என்று வானொலியில் கேட்டாள். கப்பலில் பலகையைப் பார்த்துச் சொன்னார்கள். தகடு சிவப்பாக இருந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு முன்னாலேயே நின்றார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். எனக்கும் ஒரு கதை வேண்டும் என்று நினைத்தேன். அறுபது வயதில் தீவில் விடுபட்டுப்போன அத்தானை நாங்கள் திரும்பிப் போய் ஏற்றிவந்த கதை. அடுத்த கலியாண வீட்டில் அவர் ஒலிவாங்கியை எடுத்தால், பிறகு நானும் எடுக்கலாம். கொஞ்ச நேரம் போகட்டும், பிறகு கப்டனிடம் சொல்வோம் என்றுதான் இருந்தேன்.

கப்பல் வளைந்து வெளியேறும்போது பின்தளத்தில் நான் மட்டும் நின்றேன். சிவப்புத் தொப்பி மேட்டுக்கு மேலே வந்தது. அவர் ஓடவில்லை, கத்தவில்லை, கையைக்கூட ஆட்டவில்லை. கப்பலில் சச்சி இருக்கிறான், தன்னை விட்டுவிட்டுப் போகமாட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு கல்லைத் தேடிப் பிடித்து அதில் மெதுவாக அமர்ந்தார்.

சொல்லத்தான் போனேன். ஆனால் சொன்னால், தகட்டைத் திருப்பியது யார் என்று கேட்பார்கள். பன்னிரண்டு பேரின் பயணத்தைக் கெடுத்தவன் என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஈரக் காற்சட்டையோடு நின்றவன் மறுபடியும் அதே மாதிரி நிற்பான். வெட்கம் ஒரு மனிதனின் வாயை எப்படிக் கட்டிவிடும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கப்டன் அத்தானைத் தேடினார். வயிறு சரியில்லை, படுத்துவிட்டார் என்றேன். அதற்குப் பிறகு காற்று மாறியது, மழை வந்தது. நாங்கள் ஒரு குடாவுக்குள் பாதுகாப்பாக நங்கூரமிட்டிருந்தோம்.

காலையில், அத்தானின் படுக்கையில் ஆளில்லை என்று நான்தான் போய்ச் சொன்னேன். பலகையில் அவர் பச்சை. ஆகவே இரவில் தளத்துக்கு வந்து கடலில் விழுந்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, கரையோரக் காவல்படையும் ஹெலிகொப்டரும் மதியம் வரை கடலைத் தேடின. அவர்கள் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு யாரோ தீவையும் பார்ப்போம் என்றார்கள். அத்தான் அந்தக் கல்லுக்குப் பின்னால், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். கமராவை ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தார், நனையாமல் இருக்க.

ஒரே அறையில் இருந்த உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று பொலிசார் கேட்டார்கள். அத்தானின் படுக்கைக்குத் திரை உண்டு, அது மூடியிருந்தது என்றேன். படுத்திருக்கும் பெரியவரை நாங்கள் தட்டி எழுப்புவதில்லை, அது மரியாதையில்லை என்றேன். அந்த இளம் அதிகாரி தலையாட்டினார். என்னைப் பார்த்தால் பாவமாக இருந்திருக்க வேண்டும். அந்தத் திரையை இழுத்து மூடியது யார் என்று அவர் கேட்கவில்லை. சாப்பிடப் போவதற்கு முன் நான்தான் மூடினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மண்டபம் நிறையச் சனம். இப்படியும் ஒரு மச்சான் கிடைப்பானா, சப்பாத்துக்கூட அவன்தானாம் போட்டுவிட்டவன் என்று பேசிக்கொண்டார்கள். அக்கா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“நீ அழாதை சச்சி. அந்தாளுக்கு ஒரு தகட்டைத் திருப்பக்கூட ஏலாது, எல்லாத்துக்கும் நீதான் வேணும். நீ என்ன செய்வாய்? பழகின கை.”

நான் உண்மையில் அழுதேன். அவளுடைய அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. மோர்டனுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். துக்கத்தில் உருகுகிறேன் என்று நினைத்து அக்கா தர்ஷினியிடம் சோறு கொடுத்தனுப்புகிறாள்.

வெட்கம்தான் என் வாயைக் கட்டியது என்று சொன்னேன் அல்லவா? அன்றிரவுச் சாப்பாட்டு மேசையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அத்தான் இருந்தால் அவர்தான் பேசுவார். அன்று அவருடைய கதிரை வெறுமையாக இருந்ததால் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மார்கரெட் என் கடையைப் பற்றிக் கேட்டாள். நான் சொன்னேன். ஒரு பகிடி விட்டேன், கப்டன் மேசையில் தட்டிச் சிரித்தார். அந்த வடக்கில் ஜூன் மாதம் இருட்ட வெகு நேரமாகும், வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் உடனே கப்பலைத் திருப்பியிருப்பார். அப்போது எனக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. இன்னொரு கோப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன். எழும்ப மனமில்லாமல், அந்த மேசையில் கடைசி ஆளாக இருந்தது நான்தான்.