ரோமாபுரியில் தரையில் படுத்தவர்கள்

“பன்னெண்டு படிச்ச பிள்ளைக்கு இனி நம்ம பேச்சு காதுல ஏறுமா?” என்று தாராவியில் பக்கத்து வீட்டு அத்தை ஒருமுறை கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். நன்றாகவே ஏறுகிறது.

நேற்றுக் காலை சயான் ஸ்டேஷனில் ரயிலின் லேடீஸ் டப்பாவில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தி அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் ஆயா. மற்றவள் அவள் புருஷனின் அக்கா.

“போன வருசம் ரோம்ல அமெரிக்காக்காரங்களுக்குத் தூக்கமே இல்ல, மதினி.”

“மூட்டப்பூச்சியாட்டி?”

“ஏர் கண்டிஷன் இல்லையாம். தொரையம்மா ஓட்டல் மேனேஜர்கிட்ட ஒரே சண்டை. அவன் ஜன்னலத் தொறந்து காட்டிட்டுப் போயிட்டான்.”

“நீ என்ன செஞ்ச?”

“நம்ம வீட்டுல செய்யுததுதான். தண்ணி தெளிச்சுத் தொடச்சுட்டு வெறுந்தரையில படுத்தேன். பளிங்குத் தரை, ஜில்லுன்னு கெடந்துது. மூணாம் நாளு தொரையம்மா தலகாணியோட கீழ வந்துட்டா. மறுநாள் தொரையும்!”

மதினி சிரித்த சிரிப்பில் டப்பாவே திரும்பிப் பார்த்தது.

“இந்த வருசமும் கூப்பிடுதாங்க. இந்த விசா பாரத்த எழுதி இன்னைக்குப் பத்து மணிக்குள்ள குடுக்கணும். இல்லன்னா வேற ஆயாவக் கூட்டிட்டுப் போயிருவாங்க. எழுதத் தெரிஞ்ச உங்க தம்பி பேனாவ ஒளிச்சு வச்சுட்டாரு.”

“அவனுக்குப் பொறாமட்டி. கல்யாண் ஸ்டேஷனத் தாண்டி எங்க போயிருக்கான்?”

நான் இறங்க வேண்டிய பைகுல்லா வந்து போய்விட்டது. அவளிடம் கேட்டு வாங்கிய விசா பாரம் என் மடியில் இருந்தது. தகப்பனார் பெயர்வரை எழுதி முடித்திருந்தேன்.