முப்பத்திரண்டா, அறுபத்துநாலா?

இல்ல, நீங்களே சொல்லுங்க, ஒரு கம்ப்யூட்டர் நம்மளப் பாத்து 'தயவுசெஞ்சு'ன்னு சொன்னா கோவம் வருமா வராதா? எனக்கு வந்துதுங்க. கருப்பா திரை, வெள்ளையா எழுத்து. 'இந்த கெர்னலுக்கு அறுபத்துநாலு பிட் சிபியு வேணும், இங்க இருக்கறது அது இல்ல, தயவுசெஞ்சு உங்க சிபியுக்குத் தகுந்த கெர்னலப் போடுங்க.' இங்கிலீஷ்லதான் சொல்லிச்சு. ஆனா அந்தத் தயவு இருக்கே... வீட்டுக்கு வந்தவங்கள வாசலோட அனுப்பற தயவு!

கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? இந்தப் பெட்டிய பெஞ்சுல வெச்சுடறேன். மடியிலயே வெச்சிருந்து காலு மரத்துப் போச்சு. உங்க பிரிண்டர் இடிக்காது, பயப்படாதீங்க. இந்த மெக்கானிக்கு 'ரெண்டு நிமிஷம்'னு உள்ள போனாரு, ஆளையே காணோம். நாம என்ன வேலவெட்டி இல்லாமயா வந்து உக்காந்திருக்கோம்?

எனக்கு எம்ப்ராய்டரி கடைங்க. சட்டைப் பையில பேரு, சின்னம், அதெல்லாம் நூல்ல போட்டுத் தருவேன். இப்ப ஒரு ஆஸ்பத்திரிக்கு இருநூறு கோட்டு. டாக்டருங்க பேரு இருக்கே, பேரு ஒரு கொடுமைன்னா பின்னாடி பட்டம் ஒரு கொடுமை. வெள்ளிக்கிழமை குடுக்கணும். தையல் மெஷினு கல்லு மாதிரி இருக்கு. ஆனா அது இந்தப் பெட்டி பேச்சத்தான் கேக்கும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினா தையல் மெஷினு ஒயரு மாட்டற எடமே அதுல இல்லையாம்! என்னமோ போங்க.

இதுல இருந்த பழைய சிஸ்டம் படுத்துடுச்சு. என் கொழுந்தன் இருக்கான், வீட்டுக்காரரோட தம்பி, கம்ப்யூட்டர் வேலைதான் பாக்கறான். 'அண்ணி, லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டுத் தர்றேன், பழைய பெட்டியும் ஓடும்'னான். ஆனா ப்ராசஸருக்கு, அதான் அந்த சிபியுக்கு, ஏத்த கெர்னலா பாத்துப் போடணுமாம், பழசுக்கு முப்பத்திரண்டு பிட், புதுசுக்கு அறுபத்துநாலு. கெர்னல்னா... நம்ம ப்ரோக்ராம் கேக்கறத வாங்கி மெஷின்கிட்ட வேலை வாங்கற மேஸ்திரி மாதிரின்னு வெச்சுக்குங்க. மெஷினுக்கு என்ன தெரியுமோ அந்த பாஷைல பேசணும், இல்லன்னா ஒண்ணும் நடக்காது.

சரி, வந்தான். ஞாயித்துக்கிழமை, எப்பவும் போல எங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு. புதுப் பொண்டாட்டியோட. கல்யாணம் ஆயி ரெண்டு மாசம்தான். பென்டிரைவ எடுத்து, 'அண்ணி, பெட்டி ரொம்பப் பழசு, முப்பத்திரண்டு பிட் கெர்னல்தான் சரி'ன்னான். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. ஊர் உலகமே அறுபத்துநாலுல இருக்கு, என் கடைக்கு மட்டும் பாதியா? 'தொறந்து ஒரு தடவ பாத்துடறேன்'னான். 'நீ ஒண்ணும் தொறக்க வேணாம், என்ன ப்ராசஸருன்னு முன்னாடியே ஒட்டியிருக்கு, அறுபத்துநாலப் போடு'ன்னேன். அத ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பாத்தான். அப்புறம் நான் சொன்னதையே போட்டான். போட்டா... தயவுசெஞ்சு!

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? 'என்னத்தடா படிச்சே, ஒரு பெட்டிக்கு எந்த கெர்னல்னு கூடத் தெரியலியா'ன்னு கேட்டுட்டேன். அந்தப் பொண்ணு முன்னாடி. அது தலையக் குனிஞ்சுக்கிச்சு. அவன் பென்டிரைவப் புடுங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டு, சாப்பிடாமக் கூட கெளம்பிட்டான். மூணு ஞாயிறு ஆச்சுங்க, வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்கல. இவரு என்னடான்னா, 'என் தம்பிய நீதான பேசினே, நீயே கூப்பிடு'ங்கறாரு. நான் ஏன் கூப்பிடணும்? தப்பு யாரு மேல?

என்ன கேட்டீங்க? அறுபத்துநாலுன்னு எனக்கு எப்படித் தெரியுமா? நல்லாக் கேட்டீங்க போங்க! கண்ணு முன்னாடி இருக்கே. இதோ, அறுபத்துநாலுன்னு போட்ட இந்த ஸ்டிக்கரு. எவ்வளவு பளபளப்பு பாருங்க. பெட்டி பூரா பழுப்பேறிப் போச்சு, இது மட்டும் நேத்து ஒட்டின மாதிரி. இந்த எடத்துல மூடி ஒடஞ்சு ஒரு ஓட்டை இருந்துதுங்க. நூல் தூசியெல்லாம் உள்ள போய் அடைச்சுக்கும். பக்கத்து ஸ்டுடியோக்காரரு ஒரு கம்ப்யூட்டரத் தூக்கிப் போட்டாரா, அதுல நல்ல கெட்டி ஸ்டிக்கரு. இஸ்திரிப் பொட்டியால லேசா சூடு காட்டி, உரிச்சு, கடையில இருக்கற பசையத் தடவி, நான்தான் இங்க...

இருங்க.

நான்தான ஒட்டினேன்?

ஐயையோ... இது அந்த ஸ்டுடியோ கம்ப்யூட்டரோட ஸ்டிக்கரு! அதுக்குத்தான் அறுபத்துநாலு. இதுக்கு... அவன் சொன்னானே! தொறந்து பாத்துடறேன்னு கூடச் சொன்னானே!

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, எனக்கே சிரிப்பு வருது. அந்தப் பெட்டி எவ்வளவு மரியாதையாச் சொல்லிச்சு, உன் சிபியுக்குத் தகுந்ததப் போடும்மான்னு. அதையும் திட்டினேன்.

இப்ப ஒண்ணு பண்ணலாம். இந்த மெக்கானிக்குகிட்டயே முப்பத்திரண்டப் போடச் சொல்லிட்டு ஸ்டிக்கரக் கிழிச்சு எறிஞ்சுட்டா? யாருக்குத் தெரியப் போவுது... என்ன, அப்படிப் பாக்கறீங்க? பண்ண மாட்டேங்க. சும்மா சொன்னேன். மூணு வாரமா அவன் தட்டு கவுத்தே கெடக்கு, பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

பிரிண்டரக் கொஞ்சம் நவுத்துங்க, ஃபோனு பையில மாட்டிக்கிச்சு... ரிங் போவுது. எடுக்க மாட்டான் பாருங்க... ஹலோ? யாரு, நீயாம்மா? நான் அண்ணி பேசறேன். இல்ல இல்ல, அவன்கிட்ட குடுக்காதே! அன்னிக்கு உன் முன்னாடிதான அவனப் பேசினேன். மொதல்ல நீ கேளு. உன் வீட்டுக்காரன் சொன்னதுதான் சரி. முப்பத்திரண்டுதான். அந்த ஸ்டிக்கரு... அத வேற கம்ப்யூட்டர்லேருந்து உரிச்சு நானே ஒட்டினதும்மா. ஒட்டிட்டு நானே மறந்து போயி, அவனப் போய்... என்ன? என்னம்மா சொல்றே?

தெரியுமா? உனக்கா?... எப்போ சொன்னான்?... அன்னிக்கு பஸ்ஸுலயா? ஸ்டிக்கர் ஓரத்துல நம்ம கடை பசை வழிஞ்சிருந்தத அப்பவே பாத்துட்டானா? பாத்துட்டு ஏன் சொல்லலையாம்?

...

புதுசா வந்த பொண்ணு முன்னாடி அண்ணிக்கு அசிங்கமாயிடும்னு சொல்லலையா.

...ஒண்ணுமில்லம்மா. நான் உன் முன்னாடி அவன அப்படிப் பேசினேன், அவன் உன் முன்னாடி என்னை... அவன்கிட்ட குடு. டேய். அழல, போடா. கோவம் இருக்குதான? இருக்கட்டும், அதோடயே வா. ரெண்டு பேரும் இப்பவே கெளம்பி வாங்க, ஒலை வெக்கறேன். பெட்டியத் தொற, உள்ள என்ன வேணும்னாலும் பாரு, வாயே தொறக்க மாட்டேன். சரி, கொஞ்சமாத் தொறப்பேன். வா.

இந்தா, மெக்கானிக்கு இப்பத்தான் வர்றாரு! இல்லங்க, வேணாம், இந்தம்மா பிரிண்டர மொதல்ல பாருங்க. என் பெட்டிய நான் எடுத்துட்டுப் போறேன். எங்க வீட்டுப் பையன் வர்றான். இதுக்கு எந்த கெர்னல்னு அவனுக்குத் தெரியும்.