இன்னும் ஒரே ஒரு தடவை

கைத்துப்பாக்கி வாங்குவதும் செருப்பு வாங்குவது மாதிரிதான், மேடம். அழகைப் பார்த்து வாங்கக் கூடாது. நமக்குப் பொருந்த வேண்டும். டல்சா நகரத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் மதியம் முழுக்க ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரனே அலுத்துப்போனான்.

எங்கள் தெருவில் திருட்டு பயம். தற்காப்புக்கென்றுதான் வாங்கினேன். வேட் என்பவரிடம் பயிற்சிக்கும் சேர்ந்தேன். தோட்டாக்களைக் கழற்றி அடுத்த அறையில் வைத்துவிட்டு, வெறும் துப்பாக்கியால் வீட்டில் பழகச் சொல்வார். உறையிலிருந்து உருவி, சுவரில் ஒட்டிய தாளைக் குறிபார்த்து, விசையை அழுத்த வேண்டும். டிக். ஆபத்து அதன் பிறகுதானாம். பழகி முடித்து, தோட்டாக்களைப் போட்ட பின்பு, 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று கை தானாகப் போகும். அப்படித்தான் வீட்டுக்குள் உயிர் போகிறது என்பார்.

கூடத்து சோபாவில் என் மனைவி லோரீனின் தம்பி கர்ட்டிஸ் கிடப்பான். வேலை பறிபோய் வந்தவன், திரும்பிப் போகவே இல்லை. எந்நேரமும் வாயில் புகையிலை. அந்தச் சாற்றைக் காலி சோடா டின்னில் துப்புவான். ஒருநாள் என்னுடையது என்று நினைத்து அதை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டேன்.

"ருசி எப்படி மச்சான்? சாவகாசமா குடி, இன்னும் ஊறுது."

"சும்மா இருடா," என்றாள் லோரீன். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். கொழகொழவென்று, வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு ஞாயிறு லோரீன் சர்ச்சுக்குப் போயிருந்தாள். பழகி முடித்தேன். தோட்டாக்களைப் போட்டேன். கர்ட்டிஸ் விரலால் புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டிருந்தான்.

"யாரைச் சுடப்போற மச்சான், அந்தக் காகிதத்தையா?"

இன்னும் ஒரே ஒரு தடவை என்றேன்.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் தங்கமானவர்கள். ஒருவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். விபத்து என்று எழுதி வழக்கை மூடினார்கள். லோரீனும் மன்னித்துவிட்டாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

போன சனிக்கிழமை பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. வேட் புதியவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நம்மகிட்ட படிச்ச ஆளுதாங்க. சரியான அசட்டை. கூறுகெட்டதனமா மச்சினனையே சுட்டுட்டாரு. அவர மாதிரி ஆயிடாதீங்க."

எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

அதனால்தான் வந்தேன். அறிக்கையைத் திருத்தி எழுதுங்கள், மேடம். என் கை நடுங்கவில்லை. எங்கே பட வேண்டுமோ அங்கேதான் பட்டது. லோரீனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் தம்பி யாருடைய அசட்டையாலும் சாகவில்லை என்று. பாவம், அவளுக்கும் ஆறுதலாக இருக்கும்.