அவுக பேருதான் பாஸ்வேர்டு

செல்போனில் மெயில் திறக்கவில்லை என்றால் பதற வேண்டியதில்லை, மேடம். பத்துக்கு ஒன்பது தடவை கோளாறு போனில் இருக்காது. அதை வைத்திருக்கும் ஆளிடம்தான் இருக்கும். இதை உங்கள் ஏட்டையாவிடமும் சொன்னேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

என் பெயர் மலையாண்டி. வயது எழுபத்து மூன்று. உசிலம்பட்டியில் முப்பத்தாறு வருஷம் டெலிபோன் லைன்மேன். பேரையூர் ரோட்டில் ஒரு கம்பத்தில் ஏறி இறங்குவதற்குள் இரண்டு கல்யாணப் பேச்சும் ஒரு பாகப்பிரிவினையும் என் காதில் விழுந்திருக்கின்றன. ஒரு தடவை கம்பத்தில் இருந்தபடியே குறுக்கே பேசி, ஒரு நிச்சயதார்த்தத்தைப் பத்து நாள் தள்ளி வைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டார் என்று மாப்பிள்ளை வீட்டாரும் நினைத்துக்கொண்டார்கள். ஆடி மாசத்தில் வைத்திருந்தார்கள். நல்லதுக்குத்தான் செய்தேன்.

எனக்கு எதிர்வீடு நல்லகாமன். புண்ணாக்குக் கடைக்காரர். சம்சாரம் அன்னக்கொடி. ஒரே மகன் அருள்பாண்டி, மைத்ரேயி என்று வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு புனேக்குப் போனவன். "அவன் போன் கீன் வந்துச்சு, ஒயர அறுத்துருவேன்" என்று நல்லகாமன் கத்தியது தெருவுக்கே கேட்டது. மகனும் அதே ரோஷக்காரன். ஒன்பது வருஷம் போன் இல்லை. அவன் நம்பர் ஊரில் ஒருத்தரிடமும் கிடையாது. ஆனால் அவன் போவதற்கு முன்பே கடைக்கு இன்டர்நெட் கொடுத்த கம்பெனி, கனெக்ஷனோடு சும்மா ஒரு மெயில் முகவரியும் கொடுத்திருந்தது. மாதம் ஒரு கடிதம் அதற்கு எழுதிக்கொண்டிருந்தான். நல்லகாமன் செல்போனில் படிப்பார். பதில் போடமாட்டார்.

இந்தப் பங்குனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் அன்னக்கொடியிடம் இரண்டே விஷயம் சொன்னாராம். அருளு மெயிலில் எழுதுகிறான். பாஸ்வேர்டு என் பேருதான். மறுநாள் போய்விட்டார். மகன் இருக்க, பங்காளி மகன் கொள்ளி வைத்தான்.

காரியம் முடிந்ததும் அன்னக்கொடி அந்தப் போனோடு வந்தாள். அது திடீரென்று பாஸ்வேர்டு கேட்க ஆரம்பித்திருந்தது.

"அண்ணே, இத எப்பிடியாச்சும் தெறந்து குடுங்க. அப்பன் போயிட்டாகன்னு அவனுக்குச் சொல்லணும். அவன் கொரல ஒருக்கா கேட்டாப் போதும்ணே."

"பாஸ்வேர்டு என்ன?"

"அவுக பேருதான்."

"சொல்லு."

"நல்லாருக்குண்ணே. நான் எப்பிடிச் சொல்வேன்?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ஆள் போன பிறகும் சொல்லமாட்டார்கள். கம்பெனிக்குப் போன் போட்டு அவளிடமே கொடுத்தேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசியது.

"பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா பாட்டி?"

"இருக்கு தாயி. வாய்விட்டுச் சொல்லப்படாது."

"சூப்பர் பாட்டி. எங்ககிட்டகூடச் சொல்லாதீங்க. ரொம்ப விவரமா இருக்கீங்க."

வைத்துவிட்டது. அன்னக்கொடிக்கு ஒரே பெருமை. "பாத்தீகளாண்ணே, அந்தப் புள்ளைக்கு எம்புட்டு மரியாதை தெரியுது."

பெயர் எனக்குத் தெரியும். அதை நல்லகாமன் இங்கிலீஷில் எப்படி எழுதினார் என்பதுதான் தெரியாது. ஒரு 'எல்'லா, இரண்டு 'எல்'லா, 'கா'வுக்குக் 'கே'யா, 'ஜி'யா. மூன்று தடவை தப்பாகப் போட்டால் அன்றைக்குப் பூட்டிக்கொள்ளும். ஆகவே தினமும் போனேன். சாயங்காலம் நாலு மணிக்கு.

ஐந்தாம் நாள் ஜி போட்டதும் திறந்தது. அன்னக்கொடி அடுப்படியில் இருந்தாள். அருள்பாண்டியின் கடிதங்கள் வரிசையாக நின்றன. கூப்பிட வாயெடுத்தேன். அவள் டம்ளரில் பருத்திப்பாலோடு வந்து, "சூடா இருக்கு, ஊதிக் குடிங்கண்ணே" என்றாள். என் சம்சாரம் போய் ஆறு வருஷம். ஊதிக் குடி என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. திறந்துவிட்டது என்று சொன்னால் நாளைக்கு எதற்கு வருவேன்? இதை நீங்கள் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும், மேடம்.

"தப்புன்னு வருது," என்றேன்.

அவள் அதை வேறு யாரிடமாவது காட்டிவிடக் கூடாதே என்று பாஸ்வேர்டை மாற்றினேன். என்னவென்று மாற்றினேன் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அதுவும் ஒரு பெயர்தான். என் வாயால் சொல்ல வேண்டாம்.

மறுநாள்தான் இன்னொன்றைப் பார்த்தேன். நல்லகாமன் எழுதிய கடிதம் ஒன்று வெளியே போகாமல் போனுக்குள்ளேயே கிடந்தது. "அருளு, அம்மா தேடுது. ரெண்டு பேரும் வாங்கடா." விழுவதற்குப் பதினோரு நாள் முன்பு அனுப்பியிருக்கிறார். அனுப்பிவிட்டோம், மகன் பதில் போடவில்லை என்று நினைத்துக்கொண்டே போய்ச்சேர்ந்திருக்கிறார். மெயில் வெளியே போகும் வழிக்கு ஒரு எண் உண்டு, அது தப்பாக இருந்தது. என் தொழில் புத்தி, கை தானாகச் சரிசெய்துவிட்டது. 'அனுப்பப்படுகிறது' என்று வந்தது. போய்விட்டது. அதை நான் அனுப்பவில்லை, மேடம். அவர்தான் அனுப்பினார். என் முன்னாலேயே அனுப்பினார். எதிரே மாலை போட்ட போட்டோவில் இருந்தார்.

ஒரு மணி நேரத்தில் பதில். "அப்பா, ஒம்பது வருசமா இந்த ஒரு வரிக்குத்தான் காத்திருந்தேன். வாரோம். எனக்கு நெஞ்சுல அடைப்பு, ஆபரேஷன் இருக்கு. முடிஞ்சதும் வந்து அம்மாவையும் உங்களையும் கையோட கூட்டிட்டு வந்துருவோம்." கீழே போன் நம்பர்.

கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். பாஷை தெரியாத ஊர். குளிர் வேறு. அன்னக்கொடிக்கு மூட்டுவலி. யோசித்தேன். அவள் எதிரே உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும்போது, அவள் புருஷன் போனில், அவள் புருஷனாக, பதில் எழுதினேன். வர வேண்டாம். அம்மா உன் முகத்தில் முழிக்க விரும்பவில்லை.

அதை எழுதுவதுதான் சிரமமாக இருந்தது. போனில் இரண்டு எழுத்து அடித்தால் அடுத்த வார்த்தையை அதுவே எடுத்துக் கொடுக்கும். அந்தப் போன் நல்லகாமன் கைக்குப் பழகியது. 'வ' என்று தொட்டால் 'வாடா' என்று நீட்டியது. 'ச' தொட்டால் 'சாப்ட்டியா'. 'அ' தொட்டால் 'அருளு'. அனுப்பாமலே எத்தனை தடவை எழுதி அழித்தாரோ. 'வராதே' என்பதை ஒவ்வொரு எழுத்தாக நானே அடிக்க வேண்டியிருந்தது. அது நீட்டிய ஒரு வார்த்தையையும் தொடவில்லை. தொட்டால் விரல் சில்லிடும் போலிருந்தது.

"என்னண்ணே, இம்புட்டு நேரம் அடிக்கிறீக?" என்றாள்.

"பேரு பெருசு தாயி," என்றேன்.

அவன் விடவில்லை. வாரம் ஒன்று எழுதினான். நானும் ஒவ்வொன்றுக்கும் அதே பதிலைப் போட்டேன். கடைசிக் கடிதம் ஆனி மாசம். "திங்கக்கெழம ஆபரேஷன். ஞாயித்துக்கெழம நாலு மணிக்குப் போனையே பாத்துக்கிட்டு இருப்பேன். திட்டுறதுக்காச்சும் அம்மாவ ஒருக்கா பேசச் சொல்லுங்கப்பா."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் அங்கேதான் இருந்தேன்.

"காலையிலேருந்து மனசு கெடந்து அடிச்சுக்கிருதுண்ணே. இன்னைக்கு ஒருக்கா நல்லாப் பாருங்களேன்."

பார்த்தேன். நாலரை வரைக்கும் பார்த்தேன். தப்புன்னு வருது என்றேன். அவள் போனை வாங்கி முந்தானையால் துடைத்து, பழையபடி போட்டோவுக்குக் கீழே வைத்தாள்.

புதன்கிழமை மைத்ரேயி இங்கிலீஷில் எழுதியிருந்தது. இரண்டே வரி. ஆபரேஷனுக்கு மறுநாள் அவன் போய்விட்டான். பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை. "தகவல் கிடைத்தது" என்று எழுதினேன்.

அந்தப் பெண் ஆடி பிறந்ததும் அத்தனை மெயிலையும் தாளில் எடுத்துக்கொண்டு வந்து நின்றது. நான் பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தேன். மாமனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றது. அன்னக்கொடி போட்டோவைக் காட்டினாள். அந்தப் பெண் அதன் அடியில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தது. கையில் இருந்த தாள்களின் தேதியைப் பார்த்தது. பிறகு திண்டாடித் திண்டாடி, அவன் போன செய்தியைச் சொன்னது. அன்னக்கொடி அழவில்லை.

"படி தாயி," என்றாள்.

படித்தது. 'அருள்பாண்டிக்கு, வர வேண்டாம்' என்று முதல் தாள் ஆரம்பித்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது தாளில் அன்னக்கொடி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவுக பெத்த மகன ஒருநாளும் முழுப் பேரு சொல்லிக் கூப்பிட்டது இல்ல. அருளுதான்."

பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு அண்ணே என்று கூப்பிடவில்லை.

அவ்வளவுதான், மேடம். எழுதியது எல்லாம் நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்றரை மணி பஸ்ஸுக்கு விட்டுவிடுங்கள். புருஷன் இல்லை, மகனும் இல்லை என்று ஆகிவிட்டது. இந்த நேரத்தில் நானும் போகாவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?