கூட யார் வந்திருக்கிறார்கள்?

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர் அவர்களே! நாடி பிடித்து நலம் காக்கும் மருத்துவப் பெருமக்களே! கண்ணயராக் கனிவு கொண்ட செவிலியச் சகோதரிகளே! பிள்ளைகளின் வாயாகவே வாழும் தாய்மார்களே! தாயுமின்றித் தனியே வந்து, கதவோர நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களே! இருகரம் கூப்புகிறேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஆட்டிசம் உள்ளவன். எழுதச் சொன்னால் அருவியாகக் கொட்டுவேன். எதிரே நின்று கேட்டால் சொல் வந்து சேர நேரமாகும். முகம் பார்த்தால் வந்த சொல்லும் ஓடிவிடும். ஆகவே மின்விசிறியைப் பார்த்துப் பேசுகிறேன். தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அம்மா இருந்தவரை கவலையில்லை. "எங்க வலிக்குது?" என்று மருத்துவர் கேட்பார். "வலப்பக்கம் டாக்டர், நேத்துலேருந்து" என்று அம்மா சொல்வாள். அவள் போனாள். அவளோடு என் வாயும் போயிற்று. வீட்டில் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. ஒன்றைக் கழுவும் வேலையே இல்லை.

பிறகொரு நாள், பிழிந்தெடுக்கும் வயிற்றுவலி. இந்த மருத்துவமனைக்கல்ல, வேறொன்றுக்குப் போனேன். மருத்துவர் கேட்டார், நான் சொல்லைத் தேடினேன். அதற்குள் அடுத்த கேள்வி: "கூட யாரு வந்திருக்கா?"

"யாருமில்லை."

"யாரையாவது கூட்டிட்டு வாங்க."

யாரையாவது! சொன்னதைச் சொன்னபடி செய்பவனல்லவா நான்? வாசலுக்குப் போனேன். என்னை இறக்கிவிட்ட வாடகைக் கார் ஓட்டுநர் நின்றிருந்தார். கூட்டிவந்தேன்.

மருத்துவர் முகம் மலர்ந்துவிட்டது! "இவருக்கு என்ன பண்ணுது?" என்று அவரைக் கேட்டார். மனிதர் பாவம், தெரியாது என்று சொல்லக் கூச்சம். "வயித்து வலிதான் சார். வெளியில கண்டதையும் தின்னிருப்பாரு."

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள்! நானும் சிரித்தேன், தையல் பிரித்த பிறகு. செரிமான மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் குடல்வால் வெடித்தது.

யார் வயிறு அது? யார் வலி அது? வழியில் வந்தவர் வார்த்தை வேதவாக்கானது. வலியில் துடித்தவன் மௌனம் வெற்றுக் காற்றானது!

அக்கம்பக்கத்தார் என்னை இந்த மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இங்கே ஒரு செவிலியர் கட்டிலருகே அமர்ந்தார். "எங்கண்ணே வலிக்குது?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். "அவசரமில்ல, மெதுவாச் சொல்லுங்க." சொன்னேன். என் வலியை நானே சொன்னேன்! சொல்லிவிட்டு அழுதேன். அந்தச் செவிலியர்தான் இன்று, எங்களைப் போன்ற நோயாளிகளிடம் பேசப் பழக்கும் இந்தப் பயிற்சியைத் தொடங்கிவைக்கிறார். அழைப்பிதழில் அவர் பெயரைக் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். பிழை திருத்துபவன் கண்ணில் அது படாமல் போகுமா?

ஆராயுங்கள் ஐயா, ஆராயுங்கள்! எங்கள் வலி எந்த வழியில் வெளிப்படுகிறது என்று, எங்களையும் உடன்வைத்து ஆராயுங்கள். பழகுங்கள் அம்மா, பழகுங்கள்! கேட்டபின் காத்திருக்கப் பழகுங்கள். காத்திருக்கக் கருவி வேண்டுமா? கட்டடம் வேண்டுமா?

அடுத்த வாரம், பழைய தழும்பருகே குடலிறக்கத்துக்கு இங்கேயே எனக்கு அறுவை சிகிச்சை. கத்தியை நினைத்துக்கூட எனக்குப் பயமில்லை. அந்தக் கேள்வியை நினைத்தால்தான் பயம். கூட யாரும் வந்திருக்க மாட்டார்கள். நான் வந்திருப்பேன். என்னைக் கேளுங்கள்.

இந்த மேடையில் நான் சொல் தேடி நின்றபோதெல்லாம் நீங்கள் காத்திருந்தீர்கள். உங்களால் முடிகிறது! அந்தப் பொறுமைக்கு நன்றி. அடுத்த வாரம் சந்திப்போம், வணக்கம்.