இத்தாலிக்காரர் மேல் தப்பில்லை

மந்தைவெளி டீக்கடையில் எனக்கு முன்னால் இரண்டு ஆட்டோக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

“அந்த இத்தாலிக்காரர் மேல தப்பே இல்ல நைனா,” என்றார் பெரியவர்.

“எந்த இத்தாலிக்காரரு?” என்றார் மற்றவர்.

“பேட்டரிய மொதல்ல கண்டுபுடிச்சவரு. இருநூறு வருசம் முன்னாலயே அவரு வேலைய முடிச்சிட்டாரு. நான்தான் சார்ஜர சொருகிட்டு, சுவிட்ச் போடாம தூங்கிட்டேன். அடையாறு பாலத்து மேல கரெண்ட் ஆட்டோ நின்னுபோச்சு. சயின்ஸ் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ போற பொண்ணு உள்ள ஒக்காந்துகினு கீது. எறங்கி, என்கூட வண்டிய தள்ளிக்கினே அந்த இத்தாலிக்காரரு கதைய சொல்லிச்சு.”

“இன்னா, திட்டலயா?”

“இல்ல. ‘உங்களுக்குப் புரிஞ்சா இன்டர்வியூல எல்லாருக்கும் புரியும்ணே’ன்னுச்சு.”

“வேலை கெடச்சுதா?”

“கெடச்சுது. இப்ப டெய்லி பஸ்லதான் போவுது.”