கதவைத் தட்டாமல் கம்பம் ஏறாதீர்கள்

இந்தத் துயர மாலைக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே! கம்பம் ஏறி ஏறிக் காய்த்துப்போன கைகளோடு வந்திருக்கும் தோழர்களே! கணக்குப் பிரிவின் மூத்தோர்களே! பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில், யார் முகத்தையும் பார்க்காமல் அமர்ந்திருக்கும் பெரியவரே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கட்டணக் கவுண்டர்க்காரியின் கனத்த வணக்கம்.

கைதட்ட வேண்டாம். இது இறந்தவருக்காகக் கூடிய கூட்டம்.

கவுண்டருக்கு மாற்றப்படும் முன் நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். நம் மின் அலுவலகத்தின் பில் கணக்கைப் போட்டுவந்த பழைய கணினி நிரலைப் பராமரித்தேன். அது எழுதப்பட்ட பழங்காலக் கணினி மொழிக்குப் பெயர் கோபால். சிரியுங்கள், எதிர்வீட்டுக்காரர் பெயர் மாதிரிதான் இருக்கும். "என்னக்கா, உங்க கோபால் இன்னும் உயிரோட இருக்காரா?" என்று கேன்டீனில் என்னைக் கிண்டல் செய்யாதவர் இந்த மண்டபத்தில் யார்?

இருக்கிறார் ஐயா, இருக்கிறார்! பளபளக்கும் திரைகளுக்குப் பின்னால் பல வங்கிகளில் சேமிப்பைக் காப்பவர் யார்? பல காப்பீட்டு அலுவலகங்களில் கணக்கைப் பார்ப்பவர் யார்? அந்தக் கிழவர்தான்! பகட்டில்லை, பந்தாவில்லை, பழுதுமில்லை. அதனால்தான் அவர் இருப்பதே நமக்கு மறந்துபோயிற்று.

நம் அலுவலகத்தில் அவரை ஓய்வு பெறச் செய்தோம். புதிய நிரல் எழுதிய பிள்ளைகளைக் குறைசொல்ல மாட்டேன், கண்விழித்து உழைத்தார்கள். பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக ஓடவிட்டு, பில்லுக்குப் பில் ஒப்பிட்டார்கள். கடைசிச் சில்லறை வரை பொருந்தியது. மேலதிகாரிகள் இனிப்பு கொடுத்தார்கள், நானும் தின்றேன்.

ஆனால் தோழர்களே, பழையது போட்ட பில்லை ஒப்பிட்டார்கள். பழையது செய்ய மறுத்த வேலையை யார் ஒப்பிட்டார்கள்? செய்யாத வேலை எந்தக் காகிதத்தில் அச்சாகும்?

சில வீடுகளின் கணக்கில், ஓரமாக, ஒற்றை எழுத்து ஒன்று இருந்தது. மூச்சுவிட மின்சாரத்தை நம்பியிருக்கும் நோயாளி உள்ள வீடு என்று அதற்குப் பொருள். அந்த எழுத்தைக் கண்டால் பழைய நிரல், பில் கட்டாவிட்டாலும், அந்த வீட்டைத் துண்டிப்புப் பட்டியலில் சேர்க்காது. பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். புதிதாக எழுதும்போது, "இது எதுக்குன்னு யாருக்கும் தெரியலையே, விட்டுடலாம்" என்று அந்த எழுத்துக்கான கட்டத்தையே விட்டுவிட்டார்கள். அதே மாடியில்தான் இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதிய நிரல் போட்ட துண்டிப்புப் பட்டியல் வந்த அன்று காலை, முதல் வரிசையில் இருக்கும் இந்தப் பெரியவர் என் கவுண்டரில் வந்து நின்றார். மனைவியோடு மருத்துவமனையில் கிடந்ததில் பில் கட்டும் கெடு தாண்டிவிட்டது. "சீக்கிரம் போடும்மா, வீட்ல அவ தனியா இருக்கா" என்றார். ரசீதைக் கையில் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதே வேளையில் அவர் வீட்டு வாசல் கம்பத்தில் நம் லைன்மேன் ஏணி அண்ணன் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஆக்சிஜன் மெஷின் நின்றது. பெரியவர் ரசீதோடு வீடு திரும்பியபோது அந்தத் தாயின் மூச்சும் நின்றுபோயிருந்தது.

மூன்றாம் வரிசையில் தலை கவிழ்ந்திருக்கிறாரே, அவர்தான் ஏணி அண்ணன். ஏணி இல்லாமல் ஏறுவார் என்பதால் அந்தப் பெயர். இப்போது ஏறுவதே இல்லை. "உள்ள இருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுக்கா. ஃபியூஸைப் பிடுங்கினா எல்லாரும்தான் கூப்பிடுவாங்கன்னு இறங்கி வந்துட்டேன்" என்று என்னிடம் அழுதார். அவரைப் பணியிடைநீக்கம் செய்திருக்கிறது அலுவலகம். எய்தவன் இருக்க அம்பை நோவது எந்த ஊர் நியாயம்?

என்ன சொல்கிறீர்கள் பின்வரிசையில்? 'புதியதே வேண்டாமா' என்றா? வேண்டும் தம்பி! பழையது என்பதற்காக வணங்கச் சொல்லவில்லை, படித்துப் பாருங்கள் என்கிறேன். வாசிக்காமல் வழியனுப்பாதீர்கள். விளங்கவில்லை என்பதால் வீசி எறியாதீர்கள்!

பழைய கணினி இன்னும் நம் அலுவலகக் கீழ்த்தளத்தில்தான் கிடக்கிறது. அந்த எழுத்துகள் முழுதும் இன்று அதற்குள் மட்டும்தான் இருக்கின்றன. திங்கட்கிழமை அதைப் பழைய இரும்புக்கு ஏற்றிப்போக லாரி வருகிறது. அதே திங்கட்கிழமை அடுத்த துண்டிப்புப் பட்டியலும் வருகிறது. அதில் இன்னும் எத்தனை மூச்சுகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது தோழர்களே! லாரியை மறிப்போம். ஏணி அண்ணனை மீட்போம். ஒவ்வொரு எழுத்தையும் நானே எடுத்துத் தருகிறேன். அதுவரை, கதவைத் தட்டாமல் யாரும் கம்பம் ஏறாதீர்கள்! உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். யாராவது கூப்பிட்டால் இறங்கிப் போய்ப் பாருங்கள்.

நேற்று இந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மனைவி படுத்திருந்த வெறும் கட்டிலைக் காட்டி ஒன்றுதான் சொன்னார்: "அப்போ அந்தப் பழைய மெஷினுக்கு அவளைத் தெரிஞ்சிருந்துச்சு. உங்க யாருக்கும்தான் தெரியலையேம்மா."

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வரமுடியாத நிலையிலும் வந்திருக்கும் பெரியவருக்கு, மன்னிப்போடு என் வணக்கம்.